பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீங்க

1) ஜூன் வந்தாச்சு. நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஷூ வாங்கி, வேன்காரர்கிட்ட நேரம் கேட்டு எல்லாம் முடிச்சிருப்பீங்க. இன்னும் ரெண்டு வாரத்துல பிள்ளையோட டைரியில டைம்டேபிள் வந்துடும். கணக்கு எத்தனை பீரியட், இங்கிலீஷ் எத்தனை பீரியட்னு எண்ணுவீங்க. இந்த வருஷம் இன்னொண்ணையும் எண்ணுங்க. பி.டி. எத்தனை? குழந்தைகள் நல மருத்துவரா இதைக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமான இழை. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் பிள்ளை படிக்கிற வீட்டுக்காரங்க முழுசா படிச்சுடுங்க.

2) சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். தொடக்கப் பள்ளியில பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் 'கடன்' வாங்குறதுக்குப் பேரு திருட்டு. கடன்னா திருப்பித் தரணும்ல? "நேத்து உங்க பி.டி. பீரியடை எடுத்துக்கிட்டேன், இந்தாங்க இன்னைக்கு என் கணக்கு பீரியட், போய் விளையாடுங்க"ன்னு சொன்ன ஒரு டீச்சரை நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க. நேர்ல போய் கும்பிட்டுட்டு வரேன்.

3) ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது "போர்ஷன் முடியல, இன்னைக்கு மதியச் சாப்பாடு கிடையாது"ன்னு சொல்வாங்களா? சொன்னா ஊரே திரண்டு வந்துடும். ஏன்னா பசியோட இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு இந்த மண்ணுக்குத் தெரியும். 1920ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் தொடங்கினது. 1956ல் காமராஜர், 1982ல் எம்.ஜி.ஆர்., 2022ல் ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்புக்குக் காலை உணவுன்னு நூறு வருஷமா நாம கட்டிக் காப்பாத்தின அறிவு அது. சாப்பாடு பாடத்துக்குப் போட்டி இல்லைன்னு புரிஞ்ச நமக்கு, விளையாட்டும் அப்படித்தான்னு ஏன் இன்னும் புரியல?

4) அளவைப் பார்ப்போம். 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற அளவுக்கு ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாரத்துல மூணு நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கிற மாதிரி குதிக்கணும், தாவணும், ஏறணும். இது விளையாட்டு வீரராகப் போற பிள்ளைக்கான அளவு இல்லைங்க. சாதாரணமா வளர்றதுக்கே இவ்வளவு வேணும்.

5) இப்போ நம்ம கணக்கு. வாரத்துக்கு ரெண்டு பி.டி., ஒவ்வொண்ணும் 40 நிமிஷம்னு வச்சுக்குவோம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள், அதாவது 40 வாரம். ஆக 80 பீரியட். 3,200 நிமிஷம். 53 மணி நேரம். தேவையோ வருஷத்துக்கு 365 மணி நேரம். ஒரு பீரியட் கூட களவு போகாம இருந்தாலே ஏழுல ஒரு பங்குதான் பள்ளியில கிடைக்குது. அதுலயும் கை வைக்கிறோம்.

6) கிடைக்கிற 40 நிமிஷம் எப்படிப் போகுது? வரிசையில நிக்க அஞ்சு நிமிஷம், கிரவுண்டுக்குப் போக வர அஞ்சு நிமிஷம். மிச்சம் 30. நாற்பது பிள்ளைங்க, ஒரே ஒரு பந்து. தலைக்கு 45 விநாடி. நிஜத்துல அந்தப் பந்தை நாலஞ்சு பசங்க மட்டும் வச்சிருப்பாங்க, மத்தவங்க மரத்தடியில உட்கார்ந்து மண்ணைக் கிளறிட்டு இருப்பாங்க. டைம்டேபிள்ல பி.டி.ன்னு எழுதியிருக்கும். பிள்ளை உடம்புல எதுவும் நடந்திருக்காது.

7) ஏன் இந்த வயசைப் பிடிச்சுத் தொங்குறேன்? ஓடுறது, நிக்கிறது, திரும்புறது, நொண்டியடிக்கிறது, எறியறது, பிடிக்கிறது. இதெல்லாம் வயசானா தானா வந்துடும்னு நினைக்கிறோம். வராது. எழுத்து மாதிரி இதுவும் பழகினாதான் வரும். பழக நல்ல வயசு 5ல இருந்து 10. பத்து வயசுல பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளை, பதிமூணு வயசுல கேலிக்குப் பயந்து ஓரமா உட்கார்ந்துக்கும். அப்புறம் அவங்களை எழுப்புறது கஷ்டம். 2016 நிலவரப்படி உலக அளவுல 11–17 வயசுக்காரங்கள்ல 81 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்ல. அந்தப் பெரிய எண்ணிக்கைக்கு அஸ்திவாரம் போடுறது தொடக்கப் பள்ளியிலதான்.

8) எலும்புக்கு வருவோம். நம்ம வீட்டு அம்மாக்கள் அரிசி டப்பாவுல சிறுவாடு சேர்ப்பாங்களே, அதே மாதிரிதான் எலும்புல சுண்ணாம்புச் சத்து சேருது. ஏறக்குறைய இருபது வயசுக்குள்ள சேர்க்கிறதுதான் பெரும்பங்கு. அதுக்கப்புறம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், பெருசா சேர்க்க முடியாது. பால் குடிச்சா மட்டும் சேராது. குதிக்கும்போது எலும்புக்கு ஏறுற அதிர்வுதான் "இங்க பலம் தேவை"ன்னு உடம்புக்குச் சொல்லுது. பூப்படையறதுக்கு முந்தின வருஷங்கள்ல அந்தச் செய்தி ரொம்ப நல்லா போய்ச் சேரும். அறுபது வயசுல பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடையுற பாட்டியோட கதை, எட்டு வயசுல ஸ்கிப்பிங் ஆடாததுலயும் கொஞ்சம் இருக்கு.

9) அடுத்தது கண்ணு. மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைங்க கண்ணாடி போடுறதை இப்ப எல்லா வகுப்புலயும் பார்க்கிறீங்க. சீனாவோட குவாங்சோ நகரத்துல 12 பள்ளிகளை எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க. பாதிப் பள்ளிகள்ல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குத் தினம் கூடுதலா 40 நிமிஷம் வெளியில வகுப்பு. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வெளியில போன பிள்ளைங்கள்ல புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க ஏறக்குறைய 30 சதவீதம். போகாதவங்கள்ல 40 சதவீதத்துக்குப் பக்கம். 2015ல் வந்த ஆய்வு. 40 நிமிஷம்ங்கிறது நம்ம ஊர்ல ஒரு பீரியட்!

10) காரணம் வெளிச்சம். நம்ம வகுப்பறையில டியூப் லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியில வெயில்ல பத்தாயிரத்துக்கும் மேல. வேப்பமர நிழல்ல கூட வகுப்பறையை விடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம் படும்போது விழித்திரையில டோபமைன் சுரக்குது, கண்ணு அளவுக்கு மீறி நீளமா வளர்றதை அது கட்டுப்படுத்துதுன்னு ஆய்வுகள் சொல்லுது. மொட்டை வெயில்ல நிக்க வைக்கச் சொல்லல. வெளியில விடுங்கன்னுதான் சொல்றேன்.

11) எங்க ஓ.பி.யில அடிக்கடி பார்க்கிற காட்சி ஒண்ணு. "சார், கழுத்துல அழுக்கு, எவ்வளவு தேய்ச்சாலும் போகல"ன்னு அம்மா சொல்வாங்க. தேய்ச்சுத் தேய்ச்சு தோல் உரிஞ்சிருக்கும். அது அழுக்கு இல்லம்மா. பிள்ளை கொஞ்சம் குண்டா இருந்து, பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் மாதிரி கருத்துத் தடிச்சிருந்தா, இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதுக்கு அறிகுறியா இருக்கலாம். பத்து வயசுல இதைப் பார்க்கிறோம். எட்டிப் பார்க்கிற சர்க்கரை நோய்க்கு முதல் மருந்து ஓட்டம். அதை எழுதிக் கொடுக்க நான் இருக்கேன். ஓட இடமும் நேரமும் யார் கொடுப்பா?

12) "என் பிள்ளை ஒல்லிதான் சார், அவனுக்கு எதுக்கு?" வேணும். புனேயில டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பல வருஷமா ஆராய்ஞ்சு காட்டினது இது: நம்ம நாட்டுக் குழந்தைங்க பிறக்கும்போதே எடை குறைவா, ஆனா அந்த எடையில தசை கம்மியா, கொழுப்பு அதிகமா பிறக்கிறாங்க. வெளியில ஒல்லி, உள்ள கொழுப்பு. அதனால பி.டி.யை 'குண்டுப் பசங்களுக்கான வைத்தியம்'னு நினைக்காதீங்க. ஒல்லிப் பிள்ளைக்குத் தசை வளரவும் அதே ஓட்டம்தான் வேணும்.

13) இப்போ பெரிய கேள்வி. "மார்க் குறைஞ்சா?" அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் 2010ல் 50 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தது. பள்ளியில உடற்பயிற்சிக்கு ஒதுக்கின நேரத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகள்ல கிட்டத்தட்ட பாதி நன்மை. மீதியில ஏறக்குறைய எல்லாம் நன்மையும் இல்ல, தீமையும் இல்ல. கெடுதல்னு வந்தது வெறும் 1.5 சதவீதம். அதாவது, பி.டி.யைத் திருடிக் கணக்குக்குக் கொடுத்தா மார்க் கூடும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. யார் லாபத்துக்கு இந்தத் திருட்டு?

14) ஆய்வெல்லாம் வேண்டாம், அனுபவத்துல பாருங்க. ஏழு வயசுப் பிள்ளையைத் தொடர்ந்து மூணு பீரியட் பெஞ்சுல உட்கார வச்சா நாலாவது பீரியட்ல என்ன நடக்கும்? பென்சில் கீழ விழும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், தண்ணி குடிக்கப் போகணும்னு கேட்கும். உடனே "இவன் உட்காரவே மாட்டேங்கிறான், டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு டைரியில எழுதி அனுப்புவாங்க. நிஜமாவே கவனக்குறைவு பிரச்சினை உள்ள பிள்ளைங்க இருக்காங்க, அவங்களைக் காட்டத்தான் வேணும். ஆனா எல்லாச் சுட்டித்தனமும் நோய் இல்ல. சிலதுக்கு ஒரு கிரவுண்ட் போதும்.

15) சட்டம் என்ன சொல்லுது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையைப் படிங்க. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்கணும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள் தரணும். நல்லது. ஆனா உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் யாருக்கு? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் நூறு பிள்ளைங்களுக்கு மேல இருந்தா. ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும்? அட்டவணையில அப்படி ஒருத்தரே கிடையாது. எந்த வயசுல கத்துக் கொடுக்கணுமோ அந்த வயசுக்கு ஆள் இல்ல.

16) அப்போ தொடக்கப் பள்ளியில யார் பி.டி. நடத்துறது? அறுபது பிள்ளைங்க வரைக்கும் ரெண்டே ஆசிரியர்கள். அஞ்சு வகுப்பையும் அவங்கதான் பார்த்துக்கணும், பதிவேடும் அவங்கதான் எழுதணும், ஆப்லயும் அவங்கதான் ஏத்தணும். அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்கிறது அரசை. ஒரு பள்ளிக்கு ஒரு ஆள் முடியலைன்னா, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாலஞ்சு தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரையாவது போடுங்க. அவர் பாடம் நடத்துற நாள் போக மிச்ச நாள்ல என்ன ஆடணும்னு வகுப்பு ஆசிரியருக்கு அவர் சொல்லிட்டுப் போகட்டும்.

17) தனியார் பள்ளி நடத்துறவங்களே, உங்களுக்கும் இருக்கு. விளம்பரத்துல ஸ்கேட்டிங், குதிரை, நீச்சல்னு படம் போடுறீங்க. ரிசப்ஷன்ல ஷீல்டா அடுக்கி வச்சிருக்கீங்க. அந்த ஷீல்டை வாங்கினது இருபது பிள்ளைங்க. மிச்சம் எண்ணூறு பேர் ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு வெயில்ல உட்கார்ந்து கை தட்டினாங்க. பி.டி. பீரியட்ங்கிறது டீம் செலக்ஷனுக்கு இல்ல. ஜெயிக்கத் தெரியாத பிள்ளைக்காகத்தான் அந்த பீரியட் முதல்ல இருக்கு. மைதானத்துல புது பிளாக் கட்டும்போது, யாரோட ஃபீஸ்ல யாரோட இடத்தை எடுக்கிறீங்கன்னு ஒரு தடவை யோசிங்க.

18) தண்டனை. இதுல ரெண்டு வகை. "ஹோம்வொர்க் செய்யலையா, பி.டி. கட்" ஒண்ணு. "சத்தம் போட்டியா, கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓடு" இன்னொண்ணு. முதலாவது, உடம்புக்குத் தேவையானதைப் பறிக்குது. ரெண்டாவது, ஓடுறதுன்னாலே அவமானம்னு மனசுல பதிக்குது. நாற்பது வயசுல நான் "தினம் நடங்க"ன்னு சொல்லும்போது முகம் சுளிக்கிறவங்கள்ல எத்தனை பேர் அப்படி ஓட வைக்கப்பட்டவங்களோ! உடல் ரீதியான தண்டனையும் மன உளைச்சல் கொடுக்கிறதும் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி தடை. முட்டி போட வைக்கிறதும் அதுலதான் வரும்.

19) புது வருஷத்து முதல் பி.டி. வகுப்பு பல இடத்துல எப்படித் தொடங்குது தெரியுமா? எடை மிஷினோட. எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் ஒவ்வொருத்தரா ஏத்தி, எண்ணைச் சத்தமா சொல்லி, இன்னொரு பிள்ளை நோட்டுல எழுதும். அன்னைக்கு ஒரு பிள்ளைக்குப் பட்டப்பேரு விழும். அது பத்தாவது வரைக்கும் கூடவே வரும். எடையும் உயரமும் பார்க்கணும், வேண்டாம்னு சொல்லல. தனியா கூப்பிட்டுப் பாருங்க. எண்ணை வீட்டுக்கு எழுதி அனுப்புங்க. மைக் தேவையில்ல.

20) சரி, முதல் ரெண்டு வாரம் எப்படி இருக்கணும்? முதல் வகுப்புல பேரைச் சொல்லி ஆடுற ஆட்டம். விசில் ஒரு தடவை ஊதினா சிலை மாதிரி நில்லு, ரெண்டு தடவை ஊதினா என்கிட்ட ஓடி வா. கிரவுண்ட்ல எது வரைக்கும் போகலாம்னு சுண்ணாம்புக் கோடு. ஷூ லேஸ் கட்டக் கத்துக் கொடுக்கிறது. கீழ விழுந்தவங்களை எப்படித் தூக்கி விடணும்ங்கிறது. இதை ரெண்டு வாரம் பொறுமையா பழக்கிட்டா, மீதி வருஷம் முழுக்கக் கத்த வேண்டியதில்ல. அந்தப் பத்து நிமிஷம் வரிசையிலயும் போகாது.

21) 'அவுட் ஆனா உட்காரு' ஆட்டங்களைக் குறைச்சுடுங்க. கொஞ்சம் மெதுவா ஓடுற பிள்ளைதான் முதல்ல அவுட் ஆகும். ஆட்டம் ரொம்பத் தேவைப்படுறதும் அந்தப் பிள்ளைக்குத்தான். அதை உட்கார வச்சுட்டு, ஏற்கெனவே வேகமா ஓடுறவனை இன்னும் ஓட விடுறோம். அவுட் ஆனா அஞ்சு தடவை குதிச்சுட்டு மறுபடியும் உள்ள வா, அவ்வளவுதான். ரெண்டு கேப்டனை நிக்க வச்சு "உனக்கு யாரு வேணும்"னு ஆள் எடுக்க வைக்கிறதையும் விடுங்க. கடைசியா மிஞ்சுற பிள்ளையோட முகத்தை ஒரு தடவை பாருங்க, தானா விட்டுடுவீங்க.

22) பொம்பளப் பிள்ளைங்க. உலக அளவுல அந்த 81ஐப் பிரிச்சுப் பார்த்தா பசங்க 78, பொண்ணுங்க 85. இந்த இடைவெளி எங்க ஆரம்பிக்குது? "பசங்க கிரிக்கெட் ஆடட்டும், பொண்ணுங்க ஓரமா த்ரோபால்" அங்க. பி.டி. டிரெஸ் இல்லாத நாள்ல ஸ்கர்ட்டோட ஓட முடியாம நிக்கிற இடத்துல. "கருத்துடுவ, வெயில்ல ஆடாதே"ன்னு வீட்டுல சொல்றோமே அங்க. நம்ம பாண்டி, நொண்டி, கோகோ எல்லாம் ஒரு காலத்துல தெருவுல பொண்ணுங்க ஆடினதுதான். தெரு போயிடுச்சு. அவங்களுக்கு மிஞ்சினது பள்ளிக்கூடம் ஒண்ணுதான்.

23) வெயிலைப் பத்திப் பேசாம ஜூன் மாசத்துல பி.டி. பேச முடியாது. 2023லயும் 2024லயும் வெயில் காரணமா பள்ளி திறக்கிறதையே தள்ளி வச்சாங்க. ஒன்றரை மாசம் வீட்டுல ஃபேனுக்குக் கீழ இருந்த உடம்பு, வெயிலுக்குப் பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். அதனால முதல் ரெண்டு வாரம் மெதுவா ஏத்துங்க. தொடக்க வகுப்புக்கு பி.டி.யைக் காலையில முதல் ரெண்டு பீரியட்லயோ, வெயில் தாழ்ந்த பிறகோ போடுங்க. மதியம் சாப்பிட்ட உடனே போடுற அந்த டைம்டேபிளை எழுதினவரை முதல்ல கிரவுண்டுக்கு அனுப்பணும்.

24) ஆடும்போது ஒரு பிள்ளைக்குத் தலை சுத்தல், வாந்தி, தலைவலி வந்தா உடனே நிழல், தண்ணி, ஓய்வு. பேச்சு குழறுது, ஆளைத் தெரியல, மயங்கி விழுது, உடம்பு கொதிக்குதுன்னா அது ஆபத்து. 108க்கு போன் பண்ணிட்டுக் காத்திருக்காதீங்க. சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே இருங்க. மயக்கத்துல இருக்கிற பிள்ளை வாயில தண்ணி ஊத்தவே கூடாது. இது பி.டி. ஆசிரியருக்கு மட்டும் இல்ல, வாட்ச்மேனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

25) தண்ணி குடின்னு சொன்னா மட்டும் பிள்ளை குடிக்காது. கழிப்பறை நாறினா குடிக்காது, கதவுல தாழ்ப்பாள் இல்லைன்னா குடிக்காது. காலையில நிறைச்சு அனுப்பின பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருதே, அது மறதின்னு நினைச்சுத் திட்டாதீங்க. சிறுநீர்த் தொற்றோட எங்ககிட்ட வர்ற பொண்ணுங்க பல பேர் சொல்ற காரணம் இதுதான். விளையாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா கழிப்பறையில போய்தான் நிக்கும்.

26) அடுத்து, "பி.டி.யில இருந்து விலக்கு கேட்டு ஒரு லெட்டர் கொடுங்க சார்". ஜூன் மாசம் இதுக்குன்னே ஒரு கூட்டம் வரும். பெரும்பாலும் வீசிங் உள்ள பிள்ளைங்க. நான் கொடுக்கிறதில்ல. கட்டுப்பாட்டுல இருக்கிற ஆஸ்துமா ஓடுறதுக்குத் தடை இல்ல, ஓடினா நுரையீரலுக்கு நல்லதுதான். இன்ஹேலரைப் பையில வைங்க, டாக்டர் சொல்லியிருந்தா ஆடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுக்கட்டும், மெதுவா ஆரம்பிக்கட்டும். ஓடினாலே இழுக்குதுன்னா மருந்து சரியில்லைன்னு அர்த்தம். மருந்தை மாத்தணும், விளையாட்டை நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுற பிள்ளையும் ஆடலாம். சர்க்கரை அளவு பார்த்து, பையில பிஸ்கட்டோ குளுக்கோஸோ இருக்கணும், டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும். சக டாக்டர்களே, ரெண்டு வரி லெட்டர் எழுதி ஒரு வருஷத்தைப் பறிக்காதீங்க. என்ன ஆடலாம்னு எழுதிக் கொடுங்க.

27) நிஜமாவே நிறுத்திட்டு ஓடி வர வேண்டியது எப்போ? ஓடும்போது மயங்கி விழுந்தா. ஓடும்போது நெஞ்சு வலிச்சா. மத்த பிள்ளைங்க சாதாரணமா இருக்கும்போது இது மட்டும் உதடு நீலமாகி மூச்சு வாங்கினா. குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருந்தா. இதயத்துல ஏற்கெனவே ஓட்டைன்னு சொல்லியிருந்தா. இதுல ஒண்ணு இருந்தாலும் முதல்ல காட்டுங்க, பரிசோதிச்சுட்டு அப்புறம் ஆடட்டும். இந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது. விலக்கு கேட்டு வர்ற கூட்டம் ரொம்பப் பெருசு.

28) வழக்கமா வர்ற பதில்களுக்கு என் பதில். "வேர்த்தா சளி பிடிக்கும்." சளி வைரஸால வருது, வேர்வையால வராது. "அடிபடும்." முட்டி சிராய்க்கும், சோப்புத் தண்ணி போட்டுக் கழுவினா ஆறிடும். "கிரவுண்ட் இல்ல." பாண்டிக்கும் ஸ்கிப்பிங்குக்கும் எவ்வளவு இடம் வேணும்? "கராத்தே கிளாஸ் போறான்." சந்தோஷம். மாசம் ஆயிரம் ரூபா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எங்க போகும்? பணம் இல்லாமலும் விளையாடக் கிடைக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அதனாலதான் இதை விட்டுக் கொடுக்க முடியாதுன்னு சொல்றேன்.

29) என்ன செய்யணும்? அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துல மூணு தீர்மானம் போடுங்க. ஒண்ணு, பி.டி. பீரியடை வேற பாடத்துக்கு எடுக்கக் கூடாது, எடுத்தா அதே வாரம் திருப்பித் தரணும். ரெண்டு, தண்டனையா பி.டி.யை நிறுத்தக் கூடாது. மூணு, பத்து பிள்ளைக்கு ஒரு பந்தாவது, அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறாவது வாங்கணும். தனியார் பள்ளின்னா பெற்றோர் கூட்டத்துல எழுந்து கேளுங்க. தனியா கேட்டா 'பிரச்சினை பண்றவங்க'ன்னு பேரு வரும். பத்துப் பேரா கேளுங்க.

30) கடைசியா வீட்டுக்கு. சாயங்காலம் வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்ச?"ன்னு கேட்கிறோம். அதோட "இன்னைக்கு என்ன விளையாடின?"ன்னும் கேளுங்க. வாரா வாரம் கேளுங்க. "மிஸ் பி.டி. பீரியட்ல டெஸ்ட் வச்சுட்டாங்க"ன்னு பதில் வந்தா தேதியோட டைரியில குறிச்சு வைங்க. காலாண்டுப் பரீட்சைக்குள்ள எத்தனை தேதி சேருதுன்னு பாருங்க. அந்தப் பக்கத்தை எடுத்துக்கிட்டுத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்க. மரியாதையா பேசுங்க, ஆனா திருப்பிக் கொடுத்தே ஆகணும்னு கேளுங்க.

இந்த இழையை உங்க பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.